நூற்று எண்பத்திரண்டு நாள்

மத்தியானம் இரண்டு இருபதுக்கு மிரியம் தூங்கினாள். தூங்கினாள் என்று அடித்துச் சொல்ல முடியாது, கண்ணை மூடினாள், அவ்வளவுதான். ஆறு மாதம் ஆவதற்குள் இவளுக்கு நடிக்கத் தெரிந்துவிட்டது என்று இமெல்டாவுக்கு ஒரு சந்தேகம் உண்டு, அம்மாக்காரி எழுந்து நாலு எட்டு வைக்கிற வரைக்கும் மூச்சைச் சீராக விட்டுக்கொண்டிருந்துவிட்டு, அவள் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு சிணுங்குவது தூக்கத்தில் நடக்கிற காரியமா என்ன. படுக்கையறைக் கதவை ஒரு சாண் திறந்து வைத்துவிட்டு, காலையிலேயே துடைத்துப் போட்டிருந்த சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்தாள். நாலு மணிக்குப் பூபதி கூப்பிடுவான். மனதுக்குள் அவன், வாயில் அவர், டீம் லீட், சரவணம்பட்டி ஆபீசில் ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு எல்லாரையும் என்னங்க, சொல்லுங்க என்று மரியாதையாகக் கூப்பிட்டே கழுத்தை அறுக்கிறவன். நாலு மணிக்கு அவனுக்கு அவள் காட்ட வேண்டியது ஒன்றே ஒன்று. திருப்பூர் பனியன் கம்பெனிக்காக அவர்கள் டீம் எழுதிக்கொண்டிருப்பது பிளாக்செயின் செயலி, பஞ்சு வாங்கியதிலிருந்து சரக்கு போய்ச் சேர்ந்தது வரைக்கும் ஒருமுறை எழுதினால் பிறகு யாராலும் அழிக்க முடியாத பதிவேடு. அந்த நிஜப் பதிவேட்டில் கை வைப்பதற்கு முன்னால் பழகிப் பார்க்க, ஒவ்வொருத்தரும் தன் லேப்டாப்புக்குள்ளேயே ஒரு பொய்ச் சங்கிலியை ஓடவிட்டுக்கொள்ள வேண்டும். புது மிஷினில் அதை முதல்முறை ஓடவிடுவதற்கு டீமில் பால் காய்ச்சுவது என்று பெயர். வேறு யார் உதவியும் இல்லாமல் காய்ச்ச வேண்டும், லீடுக்குக் காட்ட வேண்டும், அதுதான் வழக்கம். பிரசவ லீவில் அவளுடைய பழைய லேப்டாப்பை வாங்கி யாருக்கோ கொடுத்துவிட்டார்கள், இது புதுசு, ஒன்றுமில்லாதது. திங்கள் முதல் இரண்டு முறை தேதி தள்ளியாயிற்று. நாளைக்கும் முடியலைன்னா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும் போல, வேற ஆளைப் போட்டுக்கலாங்க, நீங்க கொஞ்ச நாள் பெஞ்சுல இருங்க என்று நேற்று அவன் தேன் மாதிரிச் சொன்னான். புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் அடுத்த தீபாவளிக்கு ஆபீசில் இருந்ததாக அவள் பார்த்ததில்லை. புருஷன் ஜெரோமுக்குப் பம்ப் கம்பெனியில் ஷிப்டு, அவனிடம் சொன்னதற்கு, போனாப் போகட்டும் இமெல்டா, பிள்ளையப் பாரு என்றான், ஆறுதலாகத்தான் சொன்னான், அந்த ஆறுதலை எடுத்து அவன் மூஞ்சியிலேயே எறியலாம் போல இருந்தது.

கறுப்புச் சாளரத்தில் கட்டளையைத் தட்டினாள். ஒரு கோடு சுற்றிச் சுற்றி வந்தது. இருநூற்றுச் சொச்சம் மென்பொருள் பொட்டலங்கள் எங்கெங்கிருந்தோ இறங்கி வர வேண்டும், ஒவ்வொன்றும் இன்னொன்றை நம்பி நிற்கிறது, அது மூன்றாவதை நம்பி நிற்கிறது, அந்த மூன்றாவதை எழுதியவன் இரண்டு வருஷமாகத் திரும்பிப் பார்க்கவில்லை என்று மஞ்சள் எழுத்தில் வருகிறது, இனி இது பராமரிக்கப்படாது, இனி இதை நம்பாதீர்கள். நம்பாதே என்றால் ஏன் இறக்குகிறாய். கடைசியில் சிவப்பில், ஏழு கடுமையான பலவீனங்கள் கண்டறியப்பட்டன. ஏழுதானா. அவளைக் கேட்டால் இன்னும் சொல்வாளே, இடுப்பு வலி, முடி கொத்துக் கொத்தாக வருவது, ஒரு வாக்கியத்தின் முடிவுக்கு வருவதற்குள் ஆரம்பம் மறந்துபோவது, குக்கர் விசிலைக் குழந்தை அழுகை என்று நினைப்பது, குழந்தை அழுகையைக் குக்கர் விசில் என்று நினைத்துவிடுவோமோ என்று பயப்படுவது. பக்கத்து ஜன்னலில் விளக்க வீடியோக்காரன் சிரித்துக்கொண்டிருந்தான், இது ரொம்ப சிம்பிள் நண்பர்களே, ஐந்தே நிமிடம். அவனுக்குப் பின்னால் அலமாரியில் ஒரு குட்டிக் கள்ளிச்செடி. உன் வீட்டில் பிள்ளை இருந்தால் அந்தச் செடி அங்கே இருக்காது ஐயா, அதன் முள்ளை முதலில் யார் வாயிலிருந்தாவது எடுத்திருப்பாய். மின்விசிறி கடகடத்தது. அதையும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஓடியது. சட்டென்று ஓடிவிட்டது, அதுதான் இதன் குணம், விரட்டும்போது வராது, வெறுத்து உட்காரும்போது வந்து நிற்கும். இருபது கணக்குகள், ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் காசு, எல்லாம் பொய்க்காசு, கூடவே ஒவ்வொன்றின் சாவியும், மேலே பெரிய எழுத்தில் ஓர் எச்சரிக்கை, இந்தச் சாவிகள் உலகத்துக்கே தெரிந்தவை, நிஜச் சங்கிலியில் இவற்றை நம்பி எதையாவது வைத்தால் அது போய்விடும். தூத்துக்குடியில் அவள் படித்த கான்வென்ட்டில் சிஸ்டர் ஃப்ளாவியா இதே தொனியில்தான் பேசுவார்கள், உண்டு இல்லை என்பதோடு சரி, ஏன் எதற்கு கிடையாது. வாலட் என்கிற குட்டிப் பணப்பையில் ஒரு சாவியைப் போட்டாள், பூபதி எழுதி வைத்திருந்த ஒப்பந்தத்தைச் சங்கிலியில் ஏற்றினாள், முதல் பிளாக், சங்கிலியின் முதல் கண்ணி, விழுந்தது. இந்தப் பொய்ச் சங்கிலியில் காலம் தானாக நகராது, யாராவது ஏதாவது செய்தால்தான் ஒரு பிளாக், செய்யாவிட்டால் அப்படியே நிற்கும், அது ஒன்றுதான் இதில் அவளுக்குப் பிடித்த விஷயம். பஞ்சு வந்தது, இரண்டாவது பிளாக். சாயம் போட்டது, மூன்றாவது. மணி மூன்று ஆறு. உள்ளே சிணுங்கல். அவள் எழுந்ததை அவளே பார்க்கவில்லை. வீடியோவை மூடி, வாலட்டை மூடி, கறுப்புச் சாளரத்தை மூடி, லேப்டாப்பை மூடி, நாற்காலியை மேசைக்குள் தள்ளி, எல்லாம் மூன்று விநாடி, படுக்கையறையில் தொட்டிலுக்குள் கை நீட்டிக்கொண்டிருந்தாள். ஒன்றுமில்லை. தலை ஒரு பக்கமாக, வாய் லேசாகத் திறந்து. உதட்டின் நிறத்தைப் பார்த்தாள். அதை எப்போதும் முதலில் பார்ப்பாள். நாற்பதாவது நாள் பால் புரையேறி அந்த உதடு நாவற்பழம் தின்றது போல ஆகிவிட்டது, இமெல்டா குளியலறையில் இருந்தாள், தண்ணீர்ச் சத்தத்தில் முதல் இருமல் கேட்கவில்லை, சோப்பு நுரையோடு ஓடி வந்து குப்புறப் போட்டு முதுகில் அடித்தாள், எத்தனை அடி என்று தெரியாது, பிறகு ஆஸ்பத்திரியில், நல்லவேளை வந்தீங்க என்றார்கள், அதிலிருந்து அவள் கதவைச் சாத்திக் குளித்ததில்லை. நல்லவேளை என்றால் என்ன, எத்தனை விநாடி நல்லது, எத்தனைக்கு அப்புறம் கெட்டது, அதை யாரும் எழுதித் தரவில்லை. தட்டிக் கொடுத்தாள். மூச்சை எண்ணினாள். நாற்பது வரை எண்ணினால் போதும் என்று ஒரு கணக்கு வைத்திருந்தாள், எண்பது வரை எண்ணினாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது மூன்று பதினெட்டு. வீடியோ உட்பட எல்லாவற்றையும் மறுபடி திறந்தாள், ஓடவிட்டாள், மறுபடி இருபது கணக்குகள், அதே எச்சரிக்கை. சரக்கு போய்ச் சேர்ந்ததைப் பதிய வேண்டும், நாலாவது பிளாக். வாலட்டில் சம்மதம் கொடுத்தாள். சிவப்பு. வரிசை எண் மிக அதிகம், எதிர்பார்த்தது பூஜ்யம், வந்தது மூன்று. மறுபடி. எதிர்பார்த்தது பூஜ்யம். ஒப்பந்தத்தை ஏற்றிவைத்த விலாசத்துக்குப் போய்ப் பார்த்தாள், அங்கே யாரும் இல்லை, காலி மனை. திங்களன்றும் இதே, நேற்றும் இதே. பால் காய்ச்சி முடிக்கிற நேரத்துக்கு அடுப்பே காணாமல் போகிறது. நேற்று மத்தியானம் குரூப்பில் பூபதி போட்டிருந்தான், இமெல்டா மேடம் இன்னும் பால் காய்ச்சலைங்களா, கீழே பதினாலு பேர் சிரிக்கிற முகம் போட்டிருந்தார்கள், அதில் யாரும் தப்பாக நினைத்துச் சிரித்திருக்க மாட்டார்கள், அவள்தான் நைட்டியின் முன்புறம் இரண்டு ஈர வட்டத்தோடு அதை வாசித்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிடலாமே, யாரிடமாவது, இது ஏன் இப்படி என்று. கேட்டால் காய்ச்சியது ஆகாது. கேட்டால், பாவம், ஆறு மாசமாச்சு இல்ல, டச் விட்டுப் போயிருக்கும் என்பார்கள். திங்களன்று முதல் போன் காலில் அவன் சொன்னதுதானே, அப்புறங்க, ஆறு மாசம் நல்லா ரெஸ்ட் எடுத்தீங்களா, என்ன பண்ணுனீங்க அத்தனை நாளும். அவளும் சிரித்தாள். சும்மாதான் சார் இருந்தேன் என்றாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. உனக்கு என்னை ஏன் பிடிக்கவில்லை என்று திரையைப் பார்த்துக் கேட்டாள், வாய்விட்டு இல்லை. நான் மூன்று என்கிறேன், நீ பூஜ்யம் என்கிறாய். நான் செய்திருக்கிறேன், என் பையில் எழுதியிருக்கிறது, பஞ்சு, சாயம், எல்லாம் செய்தேன், நீ எதையுமே பார்க்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, வாங்க, நீங்க யாரு என்கிறாய்.

அப்போதும் அவளுக்குப் பிடிபடவில்லை. தண்ணீர் குடிக்க எழுந்தாள். எழும்போது வலது கை தன்பாட்டுக்கு மவுஸை நகர்த்திக்கொண்டு போய்ச் சாளரத்தின் மூலையிலிருந்த பெருக்கல் குறிமேல் நின்றது. அந்தக் கையை அவள் பார்த்தாள். ஏதோ அடுத்த வீட்டுக்காரியின் கை தன் அலமாரியைத் திறப்பதைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். ஐந்தாம் வகுப்பு, பி பிரிவு. யார் கூப்பிட்டாலும் எழுந்திரிக்க வேண்டும், எழுந்திரிக்கும் முன் புத்தகத்தை மூட வேண்டும், பேனாவுக்கு மூடி போட வேண்டும், நோட்டைப் பைக்குள் வைக்க வேண்டும், நாற்காலியை உள்ளே தள்ள வேண்டும். நீ போன பிறகு அந்த இடத்தைப் பார்த்தால் அங்கே ஒருத்தி இருந்தாள் என்று தெரியக்கூடாது என்பார்கள் சிஸ்டர் ஃப்ளாவியா, இங்கிலீஷில், மரக்கோலால் மேசையை ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு தட்டுத் தட்டி. பிலோமினா ஒருநாள் வாந்தி வந்து வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள், திரும்பி வந்தபோது திறந்து கிடந்த நோட்டுக்காக முழங்கால் போட வைத்தார்கள். இமெல்டா ஒருநாளும் முழங்கால் போட்டதில்லை. பன்னிரண்டு வருஷமும் ஒழுங்குக்கு மெடல். மேசைமேல் அம்மணமாக எதையும் விட்டுப் போனதில்லை, வீட்டில் விருந்தாளி போன பிறகு டம்ளர் கிடந்ததில்லை, ஆபீசிலும் ரெஸ்ட்ரூம் போகும்போதுகூட எல்லாவற்றையும் மூடிவிட்டுத்தான். முன்பு இதே வேலையில் அது ஒன்றும் கெடுக்கவில்லை, எழுந்திரிப்பதே மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை என்று இருந்த காலம் அது. இப்போது பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை. விளக்கக் குறிப்பை மேலே தள்ளினாள். மூன்றாவது வரி. இந்தச் சாளரம் திறந்திருக்கும் வரைதான் உங்கள் சங்கிலி உயிரோடிருக்கும், மூட வேண்டாம். வாசித்திருக்கிறாள். திங்களன்று வாசித்தாள், நேற்று வாசித்தாள், அது அவளுக்குச் சொன்னதாகத் தோன்றவே இல்லை. ஒவ்வொரு முறை பிள்ளை சிணுங்கும்போதும் தன் கையாலேயே ஊரைக் கொளுத்திவிட்டு, திரும்பி வந்து ஊர் எங்கே என்று கேட்டிருக்கிறாள். ஒருத்தி இருந்தாள் என்று தெரியக்கூடாது. தெரியவில்லை சிஸ்டர். சுத்தமாகத் தெரியவில்லை. பூஜ்யம் என்கிறது.

மூன்று முப்பத்தொன்பது. வாலட்டில் பழைய நினைவை அழிக்க ஒரு பொத்தான் உண்டு, சங்கிலி செத்துப் புதிதாகப் பிறந்தால் பையையும் அதற்கேற்ற மாதிரி மறக்கச் சொல்ல வேண்டும். அழுத்தினாள். உறுதியா என்று கேட்டது. உறுதி. இனி ஆரம்பத்திலிருந்து, ஒப்பந்தம் ஏற்ற வேண்டும், பஞ்சு, சாயம், சரக்கு, நாலு பிளாக்; பிறகு கடைசிச் சோதனை. வாங்குபவன் இருபத்தாறு வாரத்துக்குள் புகார் சொல்லாவிட்டால் அந்தச் சரக்கு லாட்டின் கணக்கு தானாக மூடிக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு விதி, அதைச் சோதிக்கச் சங்கிலியின் கடிகாரத்தை நூற்று எண்பத்திரண்டு நாள் முன்னால் தள்ள வேண்டும். பொய்ச் சங்கிலிதானே, ஒரு வரி தட்டினால் தள்ளிவிடலாம். அவளுடைய லீவும் நூற்று எண்பத்திரண்டு நாள்தான், அரசாங்கம் கொடுத்த இருபத்தாறு வாரம். ஒப்பந்தம் ஏறியது. பஞ்சு. அப்போது மிரியம் அழுதாள். சிணுங்கல் இல்லை, அழுகை, பசி அழுகை, வயிற்றிலிருந்து கிளம்பி உச்சியில் உடைந்து ஒரு நொடி சத்தமில்லாமல் நின்று மறுபடி வருகிற அழுகை. மூன்று நாற்பத்தாறு. இப்போது எழுந்தால் பால் கொடுத்து, தோளில் போட்டு ஏப்பம் வரவைத்து, நாலரை ஆகிவிடும். அவள் தொடை இரண்டும் எழுந்திரிக்கத் தயாராகிவிட்டன. மார்பில் சுருக்கென்று ஊசி குத்தி ஈரம் பரவியது, உடம்பு அதற்குள் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது, இவள்தான் இங்கே. சாயம். சம்மதம் கேட்டது, கொடுத்தாள், விரல் வழுக்கியது. ஒரு நிமிஷம் பாப்பா. ஒரே நிமிஷம். ஏட்டி, உன் அம்மைக்கு ஒரு வேலை இருக்குட்டி. அழுகிற பிள்ளைக்குப் புரையேறாது, அழுகிறது என்றால் மூச்சு இருக்கிறது, அழு, சத்தமாக அழு. சரக்கு. நாலாவது பிளாக். பக்கத்து ஃபிளாட்டில் யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள், அது அவளுக்காகச் சாத்தியது. ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, இந்தப் பிள்ளை இல்லாதிருந்தால் என்று ஒரு நினைப்பு வந்தது, வந்து முழுதாக நிற்கவும் செய்தது, அவள் அதைத் தள்ளவில்லை, தள்ள நேரமில்லை. நூற்று எண்பத்திரண்டு நாளை விநாடிகளாக்கித் தர வேண்டும், ஒன்று ஐந்து ஏழு இரண்டு நாலு எட்டு பூஜ்யம் பூஜ்யம், தட்டினாள். கண் இமைக்கவில்லை, ஆறு மாதம் போய்விட்டது. ராத்திரிகள் இல்லை, தையல் வலி இல்லை, நாற்பதாவது நாள் இல்லை, முதன்முதலாகச் சிரித்த மத்தியானம் இல்லை. வெறும் ஐந்தாவது பிளாக். லாட் மூடியது என்று பச்சை எழுத்தில் வந்தது.

அப்போதுதான் காதில் விழுந்தது, சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது. தட்டும்போதா, அதற்கு முன்பா. மின்விசிறி மட்டும். எழுந்தாள், கை பெருக்கல் குறியைத் தேடிப் போனது, இடது கையால் அதைப் பிடித்து இழுத்தாள். சாளரங்கள் நாலும் திறந்தபடி, நாற்காலி சாய்ந்து விழுந்தது, விழட்டும், பன்னிரண்டு அடி தூரம், அந்தப் பன்னிரண்டு அடியில் அவள் எல்லாப் புனிதர்களையும் கூப்பிட்டாள், பாதிப் பெயர் வாயில் வரவில்லை. உதடு. உதடு சிவப்பாக இருந்தது. மிரியம் விழித்துக்கொண்டுதான் இருந்தாள். முஷ்டியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு, இமை முடியெல்லாம் ஒட்டிப்போய், கதவைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். கதவில் அம்மா வந்து நின்றதும் இரண்டு கையையும் தூக்குவாள், போன மாதத்திலிருந்து அதுதான் பழக்கம், தூக்கவில்லை. பார்த்தாள். கோபம் என்றால்கூடப் பரவாயில்லை. ஏதோ ஒன்றைத் தானாகவே கற்று முடித்துவிட்டவள் மாதிரி பார்த்தாள். எத்தனை நிமிஷம், ஏழா, எட்டா, அதற்குள் என்னத்தைக் கற்றாய், சொல்லு, எதைக் குறித்து வைத்தாய். அள்ளி எடுத்தாள். குழந்தை அழவில்லை. மார்பில் வாய் வைத்ததும் ஈறு இரண்டையும் இறுக்கிக் கடித்தது, பல் வராத ஈறுதான், உயிர் போனது, கண்ணை மூடாமல் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு கடித்தது. இமெல்டா விலக்கவில்லை.

லேப்டாப் மணி அடித்தது. துப்பட்டாவை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, விழுந்த நாற்காலியைக் காலால் நிமிர்த்தி உட்கார்ந்து, கேமராவைப் போடாமல் எடுத்தாள். பூபதி திரையைக் காட்டச் சொன்னான், காட்டினாள். அவன் உம், உம் என்றபடியே மேலிருந்து கீழே போனான். ஏற்றிய ஒப்பந்தம், பஞ்சு, சாயம், சரக்கு. அவன் நாற்காலி கிறீச்சிட்டது கேட்டது. யாரிடமோ, டீ எனக்கும் ஒண்ணு என்றான்.

"நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல ஆறு மாசம் இருக்குதுங்களே," என்றான் சிரித்துக்கொண்டு. "அவ்வளவு நாளும் உள்ள என்னங்க நடந்துச்சு?"

எல்லாருக்கும் தெரிந்த சோதனைதான், அவனே எழுதிய விதிதான், அவனுக்கு அது ஒரு விளையாட்டு. திங்களன்று சிரித்த அதே சிரிப்பு அவள் வாய்வரை வந்தது. குழந்தை கடியை விடவில்லை.

"ஒண்ணுமே நடக்கல," என்றாள். "நடந்திருந்தா அங்க பிளாக் இருந்திருக்கும். ஒண்ணுமே நடக்காத ஆறு மாசம் மிஷினுக்குள்ளதான் இருக்கும் பூபதி. வெளிய எங்கயும் கிடையாது."

சார் விட்டுப்போனதை இரண்டு பேருமே கவனித்தார்கள். அந்தப் பக்கம் டீ டம்ளரை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. இனி இவன் நம்மை வைத்திருப்பானா என்று அவள் வயிறு கேட்டது, கேட்டுவிட்டுப் போகட்டும்.

"சரிங்க," என்றான். தேன் இல்லாத குரல், அவன் நிஜக் குரல் இப்படித்தான் இருக்கும் போல. "பால் காய்ச்சியாச்சு. திங்கக்கிழமை ஆபீஸ் வந்துருங்க. இப்ப மூடிக்கலாம்."

"மூடல. ஓடட்டும்," என்றாள்.

அவன் போன பிறகும் எழுந்திரிக்கவில்லை. கறுப்புச் சாளரம் ஐந்தாவது பிளாக்கிலேயே நின்றுகொண்டிருந்தது. மேசைமேல் தண்ணீர் டம்ளர், மூடாத பேனா, திரையோரத்தில் வீடியோக்காரனின் கள்ளிச்செடி, எல்லாம் விட்டது விட்டபடி. மிரியம் கடிப்பதை நிறுத்திக் குடிக்க ஆரம்பித்தாள், ஆனால் கண்ணை மூடவில்லை. ஒரு சிறிய கை வெளியே வந்து இமெல்டாவின் துப்பட்டாவை முறுக்கிப் பிடித்துக்கொண்டது, எழுந்து போகிறவர்களைப் பிடிக்கிற பிடி.